ஆர்கனுக்குத் துருத்தி போட்டவன்

ஊருக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள். எங்க தொழில்ல மட்டும் அன்னிக்குத்தான் இடுப்பு ஒடியும். கோயில்பிள்ளைன்னா யாருன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். சர்ச்சைப் பெருக்கி, மணி அடிச்சு, மெழுகுவத்தி ஏத்தி, பாட்டு நம்பரைப் பலகையில மாட்டி, எல்லாரும் வந்து உக்காந்ததும் யார் கண்ணுலயும் படாம ஒதுங்கி நிக்கிறவன்தான் கோயில்பிள்ளை. அடுத்தவங்க கல்யாணத்துக்குப் பந்தல் போடறவங்க, அடுத்தவங்க உக்கார நாற்காலி தொடைக்கிறவங்க, கொட்டகையில படம் முடியறவரைக்கும் கதவைப் புடிச்சுக்கினு நிக்கிறவங்க, நீங்கல்லாம் நம்ம கூட்டம். உங்களுக்குத்தான் இது புரியும்.

எங்க ஊருக்குப் போகணும்னா வடமாலபேட்டையில ரோட்டை விட்டு உள்ள எறங்கணும். சபையில தமிழ் பேசறவங்க பாதி, தெலுங்கு பேசறவங்க பாதி. நான் வேலைக்குச் சேந்தது ஆந்திரா தனியாப் பிரிஞ்ச புதுசு.

பனிக்காகப் போட்ட கூரை

எங்க கோயிலைக் கட்டினவர் ஜெர்மனியிலேர்ந்து வந்த பழைய பாதிரியார். நான் பொறக்கறதுக்கு முந்தியே செத்துட்டார், கோயிலுக்குப் பின்னாடிதான் கல்லறை. அவர் ஊர்ல ஒரு கோயில் இருந்துதாம். ராஜாக்கள் காலத்துல கட்டினது. அப்புறம் ஊரோட சேந்து அதுவும் லுத்தரன் சபைக்கு வந்துடுச்சாம். மனுஷனுக்கு அந்தக் கோயில் நெனப்பு போகவே இல்ல. அதே மாதிரி இங்க ஒண்ணு கட்டிட்டார். கோட்டைச் சுவர் கணக்கா தடிமனான சுவர், கைக்குட்டை அளவு ஜன்னல், கோபுரத்து உச்சியில இரும்புச் சேவல். அதுக்கும் மேல, செங்குத்தா ஒரு கூரை. பஞ்சு மாதிரிக் கொட்டற பனி கூரையில தங்காம வழுக்கி எறங்கணும்னு அந்த ஊர்ல அப்படித்தான் போடுவாங்களாம். நம்ம ஊர் சித்திரை வெயில்ல உள்ள உக்காந்து பாருங்க, பிரசங்கம் பாதியில இருக்கும்போதே சட்டை நனைஞ்சிடும்.

ஒரு மழைக்கு முன்னாடி ஓடு மாத்தறதுக்கு சந்திரகிரியிலேர்ந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கினு வந்தேன். ஏறவும் முடியாம எறங்கவும் முடியாம இடுப்புல கயித்தைக் கட்டிக்கினு தொங்கினார் பாவம். கீழ எறங்கி ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சிட்டு, எதுக்கு இவ்ளோ செங்குத்துன்னு கேட்டார். பனிக்குன்னேன். இங்க எப்பவாவது பனி பெய்ஞ்சிருக்கான்னு கேட்டார். இல்லன்னேன். அவர் கூரையை ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்துட்டுச் சொன்னார்: "அப்ப இத்தினி வருஷமா இது எதுக்குத்தான் காத்துக்கினு கீது?"

தொட்டியடியில் யாளி

ஞானஸ்நானத் தொட்டியைத் தாங்கறதுக்கு நாலு பக்கமும் நாலு சிங்கம் வேணும்னு பாதிரியார் படம் போட்டுக் குடுத்தாராம். செதுக்க வந்த கல்தச்சர் சிங்கத்தை எங்க பாத்தார்? அவருக்குக் கை பழகின சிங்கம் பெருமாள் கோயில் தூண்ல இருக்கற யாளிதான். தும்பிக்கையும் கோரைப் பல்லும் முழிச்ச கண்ணுமா நாலு யாளி தொட்டிக்கு அடியில ரெடியாயிடுச்சு. பாதிரியார் கோவப்படலையாம், தடவிப் பாத்துச் சிரிச்சாராம். அன்னிலேர்ந்து தண்ணி தலையில படறதுக்கு முன்னாடியே கொழந்தைங்க அழ ஆரம்பிச்சிடும். ஒரு தடவை ஞானஸ்நானத்துக்கு அம்மா வழி சொந்தக்காரர் ஒருத்தர் திருப்பதியிலேர்ந்து நாமத்தோட வந்திருந்தார். கடைசி வரைக்கும் தொட்டியவே பாத்துக்கினு நின்னார். எல்லாம் முடிஞ்சதும் என் காதுகிட்ட வந்து கேட்டார்: "நம்மாளு எப்ப இங்க வேலைக்குச் சேந்தார்?"

சேவல் எந்தப் பக்கம்

கோபுரத்துச் சேவல் காத்து அடிக்கிற பக்கமாத் திரும்பிப் பாக்கும். சபைக்காரங்களை விட வெவசாயிங்களுக்குத்தான் அது ரொம்ப ஒத்தாசை. நெல்லு தூத்தறதுக்கு முன்னாடி களத்துலேர்ந்து அண்ணாந்து பாத்துப்பாங்க. ஆனா எல்லைச் சண்டை வந்ததும் சேவலுக்குக் கெட்ட காலம் பொறந்துது. நாம மெட்ராஸோட போறமா, ஆந்திராவோட இருக்கறமான்னு டீக்கடையில தெனம் பேச்சு. கீழ்க்காத்து அடிச்சா சேவல் மெட்ராஸ் பக்கம் பாக்கும், தமிழாளுங்க கைதட்டுவாங்க. மேல்காத்து அடிச்சா சித்தூர் பக்கம் திரும்பும், தெலுங்காளுங்க விசில் அடிப்பாங்க. ரெண்டு கட்சியும் எங்கிட்ட வந்து, நான்தான் ஏறித் திருப்பி விடறேன்னு சொல்லிச் சண்டைக்கு நிப்பாங்க.

எனக்கும் அந்தச் சேவல் மெட்ராஸ் பக்கமே பாக்கணும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை. அது அரசியல் இல்ல. காரணத்தை அடுத்ததுல சொல்றேன். ஒருநாள் ரெண்டு கட்சியும் என் சட்டையைப் புடிச்சு உலுக்கிக்கினு இருந்தப்ப, டீக்கடை முனுசாமி நாயக்கர் கல்லாவிலேர்ந்தே சொன்னார்: "அவன விடுங்கப்பா, கோழிக்கு ஓட்டுரிமை இல்ல."

பலகைக்குப் பின்னால்

பழைய பாதிரியார் கப்பல்ல கொண்டாந்த சாமான்லயே பெரிசு ஒரு குழல் ஆர்கன். வாசிக்கிறவங்க முன்னாடி உக்காரணும். பின்னாடி, பலகை அடைப்புக்குள்ள, ஒருத்தன் நின்னு கம்பை மேலயும் கீழயும் இழுத்துத் துருத்தி போடணும். கொல்லுப் பட்டறையில போடற அதே வேலைதான். காத்து எவ்வளவு இருக்குன்னு காட்டறதுக்கு ஒரு நூல்ல ஈயக்குண்டு தொங்கும். குண்டு கீழ்க்கோட்டைத் தொட்டா துருத்தி ரொம்பிடுச்சுன்னு அர்த்தம். நான் காத்து விடலன்னா எத்தினி பெரிய வித்வானா இருந்தாலும் ஒரு சத்தம் வராது. ஆனா எவனாவது, "மாசிலாமணி, இன்னிக்கு நல்லாக் காத்து விட்ட"ன்னு சொல்லியிருப்பானா? உங்களுக்கும் இதே கதைதான்.

ஒரே ஒருத்தங்க சொன்னாங்க. மிஷன் பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியாரோட பொண்ணு ஞானசுந்தரி. சின்னக் கிளாசுக்கு டீச்சர், ஞாயித்துக்கிழமை ஆர்கன். பலகைக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். மூஞ்சி தெரியாது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பலகையில ஒரு தட்டு தட்டுவாங்க, நான் கம்பைப் புடிப்பேன். பாட்டு முடிஞ்சா ரெண்டு தட்டு. வாரம் பூரா அந்த ஒரு தட்டுக்காகத்தான் நான் உயிரோட இருந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க, சிரிங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அப்பல்லாம் பலகைக்கு ரெண்டு பக்கமும் நின்னுக்கினே பேசுவோம், கதவு தொறந்து கெடக்கும், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டதும் பலகைகிட்டதான். பதிலுக்கு ஒரு தட்டு வந்துது.

போதகர் இல்லாதப்ப ஜெபம் நடத்தற சபை உபதேசியாரைத் தூதாக் கூட்டிக்கினு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். வாத்தியார் என்னை உக்காரச் சொல்லலை, ஆனாத் தொரத்தவும் இல்ல. இந்த ஊர் மெட்ராஸோட போச்சுன்னா தமிழ்ப் பள்ளிக்கூடம் நிக்கும், அவரும் நிப்பார், அப்பப் பேசலாம்னார். ஆந்திராவோடன்னா குடும்பத்தோட அரக்கோணம் பக்கம் போயிடுவார், போற எடத்துலதான் பொண்ணைக் குடுப்பார். ரோடு, பஸ் எல்லாம் இருக்கேன்னு உபதேசியார் கெஞ்சிப் பாத்தார். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் தொடைச்சுக்கினே சொன்னார்: "கோடு எங்க விழுதுன்னு மொதல்ல பாப்போம், கல்யாணத்தை அப்புறம் பாப்போம்."

ஒரே நம்பர், ரெண்டு பாட்டு

அந்த வருஷம் புதுசா ஒரு போதகர் வந்தார். நெல்லூர்க்காரர். ரொம்ப நல்ல மனுஷன், தமிழ் சுத்தமாத் தெரியாது. அதுவரைக்கும் காலையில தமிழ் ஆராதனை, அப்புறம் தெலுங்கு ஆராதனைன்னு தனித்தனியா நடந்துக்கினு இருந்துது. வெளிய எல்லைக்குச் சண்டை நடக்குது, கோயிலுக்குள்ளயாவது ஒண்ணா இருப்போம்னு அறுப்புப் பண்டிகைக்குச் சேத்து ஆராதனை வெச்சார். எங்கிட்ட நூத்தி இருபத்தெட்டு மாட்டச் சொன்னார், மாட்டினேன். அந்த மரப் பலகையும் பாதிரியார் ஊர் வழக்கம்தான், நம்பர் கட்டைகளைக் காடியில சொருகணும். தமிழ்ப் பாட்டுப் புஸ்தகம் வேற, தெலுங்குப் புஸ்தகம் வேறன்னு யாருக்குமே அந்த நேரத்துல தோணலை, எனக்கும்தான். சுந்தரி தமிழ் ராகத்தை ஆரம்பிச்சாங்க. தமிழ்ப் பக்கம் எழுந்து நின்னு அறுப்புப் பாட்டு பாடறாங்க, தெலுங்குப் பக்கம் எழுந்து நின்னு சாவுப் பாட்டு பாடறாங்க. யார் நிறுத்தறது? நிறுத்தினா தோத்த மாதிரி ஆயிடுமே! கடைசி சரணம் வரைக்கும் ரெண்டு பக்கமும் கழுத்து நரம்பு பொடைக்கப் பாடினாங்க. நான் பின்னாடி சிரிப்பை அடக்க முடியாம துருத்தி போட்டேன், காத்து விட்டு விட்டுப் போச்சு. ரெண்டு தட்டு வர்றதுக்குப் பதிலா பலகைக்கு அந்தப் பக்கமும் குலுங்கிக் குலுங்கி ஒரு சிரிப்புச் சத்தம். எனக்குத் தெரிஞ்சு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சிரிச்சது அன்னிக்குத்தான். அதை இன்னிக்கும் விடாமப் புடிச்சு வெச்சிருக்கேன். வெளிய வரும்போது போதகர் ஒண்ணும் தெரியாம என் கையைப் புடிச்சுக் குலுக்கி, அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னார்: "இன்னிக்குப் பாட்டு பலம் பலம்!"

பாதி பெஞ்சு

கோடு விழுந்துது. திருத்தணி மெட்ராஸ் பக்கம், நாங்க ஆந்திரா பக்கம். அன்னிக்குச் சேவல் எங்க பாத்துதுன்னு நான் அண்ணாந்துகூடப் பாக்கலை.

தமிழ்க் குடும்பங்கள்ல சிலது மூட்டை கட்ட ஆரம்பிச்சுது. எங்க கோயில்ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெஞ்சுல இன்ன இடம்னு உண்டு. அதுவும் பாதிரியார் அவர் ஊர்லேர்ந்து கொண்டாந்த வழக்கம். அப்பா உக்காந்த எடத்துலதான் புள்ள உக்காரணும், வேற ஆள் தெரியாம உக்காந்தா மொறைப்பாங்க. ஒரு மத்தியானம் ரம்பச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பாக்கறேன், நம்ம தச்சு வேலை யோபு அண்ணன் மூணாவது பெஞ்சை நடுவுல அறுத்துக்கினு இருக்கார்! அரக்கோணத்துக்கு வீடு மாத்தறாராம். பாதி பெஞ்சு அவர் குடும்பத்துதாம், மீதிப் பாதி சாமுவேலப்பா குடும்பத்துது. அவங்க பங்கு அவங்களுக்கு, இவர் பங்கு இவருக்கு. கோயில் சாமானை எடுத்துக்கினு போறது பாவம்னு நான் ரம்பத்தைப் புடிச்சேன். அவர் சண்டை போடுவார்னு பாத்தா, ரம்பத்தை விட்டுட்டு அந்தப் பெஞ்சு மேலயே உக்காந்துட்டார். கடைசியில மறுமுனையை நான்தான் அசையாமப் புடிச்சேன், அவர் அறுத்து முடிச்சார். மிச்சப் பாதிக்கு ஒரு பக்கம் கால் இல்ல, செங்கல் அடுக்கி நிறுத்தினேன். வண்டியில ஏத்தும்போது யோபு அண்ணன் என் மூஞ்சியப் பாக்காமச் சொன்னார்: "ஊரத்தான் தூக்கிக்கினு போக முடியல, ஒக்காந்த எடமாவது வரட்டும்டா."

ஓலை

எங்க சபையில கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லலாம்னு போதகர் பிரசங்க மேடையிலேர்ந்து படிப்பார். சுந்தரியோட ஓலையை எங்க கோயில்லதான் வாசிச்சாங்க, பொண்ணு இந்தச் சபையாச்சே. மாப்பிள்ளைக்கு அரக்கோணத்துல ரயில்வே உத்தியோகம். வாசிக்கும்போது பொண்ணு ஆர்கன்ல உக்காந்திருக்குது. பின்னாடி அடைப்புக்குள்ள நான், கையில கம்போட.

ஆட்சேபணைன்னு எதைச் சொல்றது? ஏற்கெனவே கல்யாணம் ஆனவன், மொறை இல்லாத சொந்தம், இந்த மாதிரி ஏதாவது சொல்லணும். எனக்கு அவங்க வேணும்னு சொன்னா அது ஆட்சேபணைக் கணக்குல வராது. அதோட, வாத்தியார் சொன்ன வார்த்தைப்படிதான் செஞ்சார், அவரையும் குத்தம் சொல்ல முடியல. மொத வாரமும் ரெண்டாவது வாரமும் ஓலை முடிஞ்சதும் ஒரு தட்டு வந்துது. நான் காத்து விட்டேன், அவங்க வாசிச்சாங்க. கண்ணு மறைக்குது, கை மட்டும் தன்னால மேலயும் கீழயும் போவுது.

மூணாவது ஞாயித்துக்கிழமை. ஓலை வாசிச்சாச்சு. ஆட்சேபணை உண்டான்னு போதகர் கொஞ்சம் நிறுத்தினார். பாட்டு நம்பர் சொன்னார். பலகையில ஒரு தட்டு. நான் இழுத்தேன். குண்டு எறங்கிக் கோட்டைத் தொட்டுது, துருத்தி ரொம்பித் தோல் முறுக்குது. சத்தம் வரலை. கம்பைப் புடிச்சபடியே நின்னேன். துருத்தி கொஞ்சம் எறங்கும், மறுபடி ரொப்புவேன். ஒரு குழல்கூட முனகலை. அவங்க ஆர்கன் கட்டை மேல கையே வெக்கலை. நான் ஆட்சேபணை சொல்ல முடியாம உள்ள நின்னேன், அவங்க வெளிய உக்காந்து சொல்லிட்டாங்க. அது என் ஒருத்தனுக்குத்தான் கேட்டுது. கடைசியில முன் பெஞ்சுலேர்ந்து யாரோ ஆர்கன் இல்லாமலே பாட்டை எடுத்துட்டாங்க.

ஆராதனை முடிஞ்சதும் போதகரும் வாத்தியாரும் பின்னாடி வந்தாங்க. காத்து வரலையான்னு கேட்டாங்க. வரலை, தோல் கிழிஞ்சுபோச்சுன்னேன். சுந்தரி பாட்டுப் புஸ்தகத்தை மாரோட அணைச்சுக்கினு கொஞ்சம் தள்ளி நின்னாங்க. வாத்தியார் என் தோள்ல கை வெச்சார், நல்லவிதமாத்தான் வெச்சார். "வருத்தப்படாதப்பா, கல்யாணத்துக்கு அங்க வேற ஆர்கன் இருக்குது."

காத்து

அதுக்கப்புறம் எனக்கு எடுத்தாந்த வரனையெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லித் தட்டிக் கழிச்சேன். அம்மா திட்டிப் பாத்துட்டு ஓஞ்சுபோனாங்க. சபையில ஆர்மோனியம் வாங்கினாங்க, அதுக்குத் துருத்திக்காரன் வேணாம், வாசிக்கிறவங்களே ஒரு கையால காத்து போட்டுப்பாங்க. குழல் ஆர்கன் மூலையில கெடந்துது. எலி தோலைக் கடிச்சு ஓட்டை போட்டுடுச்சு. நான் அன்னிக்குச் சொன்ன பொய், கடைசியில நெசமாயிடுச்சு. ஆனாலும் வாரா வாரம் தூசி தட்டுவேன். ஏன்னு யாரும் கேட்டதில்ல, நம்ம வேலையில யார் என்ன கேக்கறாங்க?

பல வருஷம் போச்சு. ஒரு வேலை நாள்ல மெழுகைச் சொரண்டிக்கினு இருக்கேன், வாசல்ல நெழல். சுந்தரி. காதோரம் நரைச்சிருந்துது. வீட்டுக்காரரோட திருப்பதிக்கு ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போறாங்களாம், போற வழியில கோயிலைப் பாக்கணும்னு எறங்கிட்டாங்களாம். அந்த மனுஷன் எனக்கு வணக்கம் சொல்லிட்டு வெளிய நின்னு சேவலைப் பாத்துக்கினு இருந்தார். நல்ல மனுஷன்தான், அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சௌக்கியமான்னு கேட்டேன், சௌக்கியம்னாங்க. யாளிக்கு மேல தொட்டியைத் தொட்டுப் பாத்தாங்க. செங்கல் வெச்ச பாதி பெஞ்சைப் பாத்துச் சிரிச்சாங்க. அப்புறம் போய் ஆர்கன் முன்னாடி உக்காந்தாங்க.

யாரும் சொல்லாமலே நான் பின்னாடி போனேன். பலகையில ஒரு தட்டு வந்துது. கம்பை இழுத்தேன். கிழிஞ்ச தோல் வழியாப் புஸ்ஸுன்னு போச்சு, குண்டு எறங்கவே இல்ல. விடாம இழுத்தேன், எந்தக் குழலும் வாய் தொறக்கலை. இது வேலை செய்யாது டீச்சர்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள பலகைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அவங்க கொரல், பழைய மாதிரியே மெதுவா வந்துது: "அன்னிக்குக் காத்து நல்லா வந்துது, மாசிலாமணி."

பனியே பெய்யாத ஊர்ல பனிக்காகக் கூரை போட்டுக்கினு நிக்கிற கோயிலுக்கு ஏத்த கோயில்பிள்ளைதான் நான்.